மந்திரி ஈவா ஏழு

தம்பி, மடியில சுருட்டி வச்சிருக்கீங்களே, அது செஸ் போர்டுதானே? நெனச்சேன். அதைப் பாத்துட்டுத்தான் முன்னாடி சீட்டு காலியாக் கெடந்தும் இங்க வந்து உக்காந்தேன். போட்டிக்குப் போயிட்டு வர்றீங்களாக்கும். ஜெயிச்சீங்களான்னு கேக்க மாட்டேன், மொகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. விடுங்க. யானைக்கும் அடி சறுக்கும்.

நான் பத்திரம் எழுதுறவன். வையாபுரி ரைட்டர்னு கேட்டா வாடிப்பட்டி சுத்துவட்டாரத்துல பச்சப்புள்ளைக்கும் தெரியும். முப்பத்திரண்டு வருசம். கிரயம், தானம், பாகப்பிரிவினை, உயில் எதுன்னாலும் ஒரே மூச்சுல எழுதுவேன். அடிச்சு எழுதுற பழக்கமே கிடையாது. தெருவுக்குக் கிழக்கேன்னு போட வேண்டிய எடத்துல மேற்கேன்னு போட்டுட்டா ஒருத்தன் வீட்டு வாசல் அடுத்தவனுக்குப் போயிரும் தம்பி. அப்புறம் பிழைதிருத்தல் பத்திரம்னு ஒண்ணு புதுசா எழுதி, ரெண்டு கட்சிக்காரனையும் மறுபடி கூட்டியாந்து கையெழுத்து வாங்கணும். மத்த ரைட்டருங்க வருசத்துக்கு நாலு தடவை அந்த அவமானத்தைப் படுவானுங்க. என் எழுத்துக்கு இன்னிக்கு வரைக்கும் ஒரு பிழைதிருத்தல் வந்ததில்ல. இதை எதுக்குச் சொல்றேன்னா, நான் ஏனோதானோன்னு வேலை பாக்குறவன் இல்லைன்னு மொதல்ல உங்களுக்குத் தெரியணும். தெரியலைன்னா இந்தக் கதையில என்னைத் தப்பா நெனச்சுருவீங்க.

ரிஜிஸ்டர் ஆபீசுக்கு முன்னாடி தகரக் கொட்டகை ஒண்ணு இருக்கு. ரைட்டருங்க எல்லாரும் அங்கதான். ஆள் வராத நேரத்துல செஸ் ஓடும். எங்க ஆட்டத்துல காய்க்குப் பேரு வேற. ராஜாவுக்குப் பக்கத்துல பெருசா நிக்குமே, அது மந்திரி. நீங்கள்லாம் ராணிம்பீங்க. ராஜா சண்டைக்குப் போறப்ப பக்கத்துல மந்திரி நிப்பானா, ராணி நிக்குமா? நீங்களே சொல்லுங்க. குறுக்குக் கோடா சாஞ்சு சாஞ்சு போற பிஷப்பை நாங்க தேருன்னுவோம். ஆனா இப்பப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்குறவங்க, பெரிய காயை ராணியாக்கிட்டு, பிஷப்பைப் போயி மந்திரின்னுட்டாங்க. அவங்க இஷ்டம். சர்க்காரே பேரை மாத்துனா நாம என்ன செய்ய முடியும்?

அந்தக் கொட்டகைக்குத்தான் இன்னாசி வந்தான். ஆபீஸ் நாற்காலியெல்லாம் பெரம்பு அறுந்து கெடந்துச்சுன்னு பின்னுறதுக்கு திண்டுக்கல்லுல இருந்து ஆளு அனுப்புனாங்க. ரெண்டு கண்ணும் பொறவியிலேயே கெடையாது. விரலைப் பாக்கணும் தம்பி, பெரம்பை இழுத்து இழுத்துக் கோக்கும். நாங்க ரெண்டு பேர் பக்கத்துல ஆடிக்கிட்டு இருக்கோம். ஆடுறப்ப வாய் சும்மா இருக்காதுல்ல, "இந்தா குதிரை இங்க வருது, இந்தா சிப்பாய் ஏறுது"ன்னு சொல்லிக்கிட்டே ஆடுவோம். திடீர்னு நாற்காலிக்கு அடியில இருந்து சத்தம் வருது. "ரைட்டரய்யா, அந்தக் குதிரைய எடுத்தீகன்னா மூணாவது மூவுல உங்க கோட்டை போயிரும்." கேக்காம எடுத்தேன் பாருங்க. மூணாவது மூவுல போயிருச்சு.

அசந்து போயிட்டேன். விசாரிச்சா, அவன் கண்ணு தெரியாதவங்களுக்கான மாநிலப் போட்டியில வருசா வருசம் ஆடுறவனாம். அஞ்சாவது, ஆறாவதுன்னு வருவானாம். மொத நாலு பேருதான் தேசியப் போட்டிக்குப் போகலாம். இவன் வாசப்படி வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவான். ஏண்டான்னு கேட்டேன். "நடு ஆட்டம் எனக்கு வரும் ரைட்டரய்யா. ஆரம்பந்தான் வராது. ஆரம்பம் எல்லாம் புஸ்தகத்துல இருக்கு, புஸ்தகத்தை எனக்கு யாரு படிச்சுச் சொல்லுவா?"ன்னான். பொண்டாட்டி செசிலி நாலாங்கிளாஸ். இங்கிலீஷுக்கு எங்க போவா?

நான் படிக்கிறேன்டான்னேன். யாரும் என்னைக் கேக்கல. நானா சொன்னேன். இதைக் குறிச்சு வச்சுக்கங்க தம்பி, நானாத்தான் சொன்னேன். பத்திரம் படிச்சுக் காட்டிக் காட்டி என் குரல் நல்லா கணீர்னு இருக்கும். கட்சிக்காரங்க சொல்லுவாங்க, வையாபுரி படிச்சா சொத்தை விக்கிறவனுக்கே வாங்கணும்போல இருக்கும்னு. மதுரையில பழைய புஸ்தகக் கடையில தேடி ஒண்ணு வாங்குனேன். புடாபெஸ்ட் கேம்பிட்டுங்கிற ஆரம்பத்தைப் பத்துன புஸ்தகம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ரெண்டாவது மூவுலயே கருப்பு ஒரு சிப்பாயை விட்டுக் குடுத்துரும். எதிராளி தின்னுட்டு சப்புக் கொட்டுறதுக்குள்ள அந்த சிப்பாய்க்கு ஈடா ஒரு சிப்பாயைத் திரும்பப் புடிச்சிரும். போன சிப்பாய் திரும்பி வரணும், அதுதான் அந்த ஆரம்பத்தோட உசுரு. வரலைன்னா சும்மா தானம் குடுத்த மாதிரி.

டேப் ரிக்கார்டர்ல பதிஞ்சு குடுத்தேன். ஆறு கேசட்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கால் கழுவிட்டு உக்காந்தா, எம்பொண்டாட்டி பேச்சியம்மா குக்கர் கூட வைக்கக் கூடாது. விசில் பதிஞ்சிரும்ல. வெறும் மூவை மட்டும் படிக்கல தம்பி, வெளக்கத்தையும் தமிழ்ல சொல்லிச் சொல்லிப் படிச்சேன். அவன் மொதல்லயே சொல்லிட்டான். "ரைட்டரய்யா, எங்களுக்குப் பள்ளிக்கூடத்துல ராணி, மந்திரி, கோட்டைன்னுதான் பழக்கம். அந்தப் பேருலயே சொல்லிருங்க." சரின்னேன். ஒரு பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டிக்கிட்டேன்: பெரிய காய் ராணி, பிஷப் மந்திரி. கட்டம் சொல்றதுக்கும் அவங்க ஒரு முறை வச்சிருக்காங்க. பீ, டீ, ஈ எல்லாம் காதுக்கு ஒண்ணு போலவே விழும்ல, அதனால ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ஆளு பேரு. பீ வரிசை பெல்லா, டீ டேவிட்டு, ஈ ஈவா. வெளிநாட்டுலயும் இதேதானாம். அதையும் கத்துக்கிட்டேன். இந்த வயசுல எனக்கு என்ன தலையெழுத்து? இருந்தாலும் கத்துக்கிட்டேன்.

மத்த அஞ்சு கேசட்டும் முத்து முத்தா வந்துச்சு. நாலாவது கேசட்டும் அப்படித்தான். அதுல ஒரே ஒரு எடம்.

அன்னிக்கு மத்தியானம் கொட்டகையில ரெண்டு ஆட்டம் ஆடி ரெண்டும் ஜெயிச்சேன். மந்திரியை வச்சே அடிச்சேன். அந்த வாயோட வந்து உக்காந்து பதிஞ்சேன். ஆறாவது மூவு. கருப்பு தன்னோட ராணியை ஈவா ஏழுல கொண்டாந்து வைக்கணும். அங்க ராணி வந்தாத்தான் போன சிப்பாய் திரும்பும். புஸ்தகத்துல க்யூன்னு இருக்கு. என் வாய் மந்திரின்னு சொல்லிருச்சு. "மந்திரி ஈவா ஏழு." அம்புட்டுத்தான்.

இது தப்பா? தப்புன்னு நான் ஒத்துக்க மாட்டேன். மந்திரின்னா எங்க ஊருல ராணிதான். நான் சரியாத்தான் சொன்னேன், எங்க பேச்சுல. இதுல கூத்து என்னன்னா, அந்த எடத்துல பிஷப்பும் ஈவா ஏழுக்கு வரலாம். அதுக்கு முந்தின மூவுலதான் அது பெல்லா நாலுக்குப் போயி செக்கு குடுத்துட்டு நிக்குது. அடுத்த மூவுலயே வாலைச் சுருட்டிக்கிட்டுத் திரும்பி வரலாம். வரக் கூடாதுன்னு சட்டமா? ஆடத் தெரிஞ்ச எவனும் அப்படி ஆட மாட்டான், அவ்வளவுதான்.

கேசட்டைக் குடுக்கும்போது அவன் சொன்னான். "ஒரு தரம் போட்டுக் கேட்டுட்டுக் குடுங்களேன் ரைட்டரய்யா." எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. லட்சக்கணக்குல போற சொத்துப் பத்திரத்தையே திரும்பப் படிச்சுப் பாக்காதவன் நான். இவன் செஸ்ஸுக்கு என்னைச் சரிபாக்கச் சொல்றான். "ஏண்டா, என் மேல நம்பிக்கை இல்லையா?"ன்னேன். "ஐயையோ, அப்படியில்ல ரைட்டரய்யா"ன்னு கேசட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போயிட்டான்.

அதுக்கப்புறம் ஒருநாள் போன் பண்ணுனான். அதை நான் மறைக்கல பாருங்க, சொல்றேன். அன்னிக்கு நல்ல முகூர்த்த நாளு, கொட்டகை முழுக்க ஆளு. ஒரு பாகப்பிரிவினை, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் என் மேசைக்கு ரெண்டு பக்கமும் நின்னு ஒருத்தனை ஒருத்தன் மொறைச்சுக்கிட்டு நிக்கிறானுங்க. இவன் போன்ல, "ரைட்டரய்யா, அஞ்சாவதுல போன மந்திரி ஆறாவதுல திரும்பி வருதே, அது சரிதானா? நானும் பத்து நாளா போர்டுல வச்சு வச்சுப் பாக்குறேன், போன சிப்பாய் திரும்பி வரவே மாட்டேங்குதே?"ங்கிறான். நான் என்ன சொல்ல? "புஸ்தகத்துல போட்டிருக்குடா. எழுதுனவன் கிராண்ட்மாஸ்டரு. அவனை விட உனக்கு அதிகம் தெரியுமா? சொன்னதை மனப்பாடம் பண்ணு, சிப்பாய் தன்னால வரும்"னேன். "சரிங்க ரைட்டரய்யா"ன்னு வச்சுட்டான். அவன் நல்லாக் கேட்டிருக்கணும்ல? ராணியா பிஷப்பான்னு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை கேட்டிருந்தா எனக்கு ஒரைச்சிருக்காதா? அவனுந்தான் மந்திரி மந்திரின்னான். அப்ப அவன் மேலயும் பாதி இருக்குல்ல?

இருக்கட்டும். போட்டி திருச்சியில, ஒரு கல்யாண மண்டபத்துல. அந்த வருசம் அவனுக்கு ரொம்ப முக்கியம். கண்ணு தெரியாதவங்களுக்கு விளையாட்டுக் கோட்டாவுல ஒரு சர்க்கார் வேலை வந்திருந்துச்சு. நிரந்தர வேலை. தேசியப் போட்டியில ஆடுன சர்டிபிகேட் இருக்கணும், முப்பத்தஞ்சு வயசு தாண்டியிருக்கக் கூடாது. இவனுக்கு மாசியோட முப்பத்தஞ்சு முடியுது. இதை விட்டா அடுத்து கெடையாது. ஆயுசு முழுக்க எவன் நாற்காலியாவது எப்ப அறும்னு காத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான். செசிலி அப்ப அஞ்சு மாசம். "வேலை கெடச்சா ஒரே எடத்துல உக்காந்து வேலை பாப்பாரு அண்ணே, ரோட்டுல அலைய வேண்டாம்"னு என்கிட்டயே சொல்லுச்சு.

நானும் கூடப் போனேன். அவங்க ஆட்டத்தை நீங்க பாத்திருக்கீங்களா? ஆளுக்கு ஒரு போர்டு. ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு ஓட்டை, காய்க்கு அடியில ஒரு முளை. தடவித் தடவிப் பாத்துக்கலாம், தப்பில்ல. ஆனா காயை ஓட்டையில இருந்து உருவிட்டா ஆடியே ஆகணும். ஆடுனதும் வாய்விட்டுச் சொல்லணும், எதிராளி அதைக் கேட்டுத் தன் போர்டுல வச்சுக்குவான். மூவை எழுத ஒரு ஆளு வச்சுக்கலாம். நான்தான் எழுதுறேன்னு கேட்டு வாங்கி இன்னாசி பக்கத்துல உக்காந்தேன். எழுதுறவன் வாயைத் தொறக்கக் கூடாது. அது கண்டிசன்.

ஆறு ரவுண்டு அருமையா ஆடுனான். கடைசி ரவுண்டு சேலத்துக்காரரோட. இவனுக்குக் கருப்பு. டிரா பண்ணுனாப் போதும், நாலாவது எடம். ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என் கையைத் தேடிப் புடிச்சு, "நாலாவது கேசட்டு ரைட்டரய்யா"ன்னு மெதுவாச் சொல்லிச் சிரிச்சான். எனக்கு அப்படியே நெஞ்சு நெறைஞ்சு போச்சு தம்பி. பெத்த புள்ளை பரீட்சைக்குப் போற மாதிரி இருந்துச்சு.

சேலத்துக்காரரும் புஸ்தகத்துல இருக்குற மாதிரியே ஆடுறாரு. சிப்பாயைக் குடுத்தாச்சு. குதிரை வந்தாச்சு. பிஷப்பு பெல்லா நாலுல போயி செக்கு வச்சாச்சு. அவரு குதிரையைக் குறுக்க விட்டு மறைச்சாரு. ஆறாவது மூவு. இன்னாசி ஒரு நிமிசம் போர்டைத் தடவுனான். விரல் ராணி மேல போச்சு. நின்னுச்சு. அப்புறம் நகந்து, பெல்லா நாலுல நின்ன பிஷப்பை உருவி எடுத்தான். "பிஷப் ஈவா செவன்"ன்னான். போட்டியில இங்கிலீஷ் பேருதான் சொல்லணும்.

அப்பத்தான் அந்த போனு, அந்தக் கேசட்டு எல்லாம் ஒண்ணா வந்து மண்டையில இடிக்குது. என்ன செய்ய முடியும்? காயை உருவியாச்சு, வாயாலயும் சொல்லியாச்சு. நான் கத்தியிருந்தாலும் பிரயோசனமில்ல, அவனை ஆட்டத்தை விட்டே தூக்கியிருப்பாங்க. எழுதுனேன். பிஷப்புன்னே எழுதுனேன்.

அந்தச் சிப்பாய் திரும்பி வரவே இல்ல. ஒண்ணும் பெருசா நடக்கல பாருங்க, மேட்டு கீட்டு ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு சிப்பாய் கம்மி, அம்புட்டுத்தான். அதை வச்சுக்கிட்டு அவன் அம்பத்தெட்டு மூவு போராடுனான். அவன் ஆட்டத்தை நான் அப்படிப் பாத்ததே இல்ல. வேர்வை தாடையில இருந்து போர்டுல சொட்டுது. சேலத்துக்காரருக்கு அவசரமே இல்ல. ஒவ்வொரு காயா மாத்தி மாத்தி வெட்டிக்கிட்டே வந்தாரு. கடைசியில ரெண்டு ராஜாவும் அந்தக் கூடுதல் சிப்பாயும்தான் மிச்சம். அது நடந்து போயி ராணியாச்சு. இன்னாசி கையை நீட்டுனான், தப்பான பக்கமா நீட்டிட்டான். நான்தான் புடிச்சு சேலத்துக்காரர் கையில குடுத்தேன்.

வெளிய மண்டபத்துப் படியில வந்து உக்காந்தோம். உள்ள பரிசு குடுக்க மைக்கை டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்கான். இன்னாசி, "ரைட்டரய்யா, புஸ்தகத்துல இப்படித்தானே?"ன்னான்.

நான் "ஆமாப்பா"ன்னேன்.

"பிஷப்புதானே?"

"ஆமாப்பா. ஆரம்பம் எல்லாம் சரியாத்தான் ஆடுன. பின்னாடி பதட்டப்பட்டுட்ட."

எதுக்கு அப்படிச் சொன்னேன்னு நீங்க நெனைக்கலாம். நெனைங்க. அந்த நேரத்துல நொந்து போயி உக்காந்திருக்கிறவன்கிட்டப் போயி, ஒரு வார்த்தையில உன் பொழப்பு போச்சுன்னு சொல்ல மனசு வருமா? அவனுக்காகத்தான் சொன்னேன். சத்தியமா அவனுக்காகத்தான்.

ஊருக்கு வந்தும் மனசு கேக்கல. அடுத்த மாசம் திண்டுக்கல்லுக்குப் போயி, ஒரு சீப்பு பழமும் அந்தப் புஸ்தகத்தையும் குடுத்துட்டு வந்தேன். கண்ணு தெரியாதவனுக்குப் புஸ்தகம் எதுக்குன்னு பேச்சியம்மா கூடக் கேட்டா. ஒரு ஞாபகத்துக்குத்தான். மொதப் பக்கத்துல "அன்பு இன்னாசிக்கு, வையாபுரி"ன்னு எழுதிக் கையெழுத்து கூடப் போட்டுக் குடுத்தேன். அவன் வாங்கித் தடவிப் பாத்துட்டு, "இனி ஆடப் போறதில்ல ரைட்டரய்யா. எனக்கு மண்டை இல்லைன்னு தெரிஞ்சு போச்சு"ன்னான். போர்டையும் காயையும் படிச்ச பள்ளிக்கூடத்துக்கே குடுத்துட்டானாம். மாசியும் போயிருச்சு. நானும், "விடுப்பா, எல்லாருக்கும் எல்லாமும் வராது"ன்னு ஆறுதல் சொல்லிட்டு வந்தேன்.

ரெண்டு வருசம் நல்லாத்தான் போச்சு. பொங்கலுக்குப் போன் பண்ணுவான். வேலியில போன ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்டது நான்தான், அந்தப் புஸ்தகத்தைக் குடுத்தேன் பாருங்க. கண்ணு தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்ட காலேஜ் புள்ளைங்க வருமாம். ஹசீனான்னு ஒரு பொண்ணு. இங்கிலீஷ் படிக்கிறவ. செசிலி சும்மா இருக்காம இந்தப் புஸ்தகத்தை எடுத்து நீட்டியிருக்கு. அந்தப் பொண்ணுக்கு செஸ்ஸுன்னா என்னன்னே தெரியாது தம்பி. அதனால இருக்குறதை இருக்குற மாதிரி படிச்சிருக்கு. க்யூ ஈ செவன்னு. இன்னாசி மறுபடி படிக்கச் சொன்னானாம். மறுபடியும் க்யூதான். மூணு தரம் படிக்கச் சொல்லியிருக்கான். இதெல்லாம் பின்னாடி செசிலி வாசல்ல வச்சு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதுல இருந்து போன் நின்னு போச்சு. நான் பண்ணுனா எடுக்குறதில்ல. சரி, நேர்ல போவோம்னு போனேன். செசிலி வாசல்ல நின்னுக்கிட்டு, "அவுக இல்லண்ணே"ங்குது. உள்ள பெரம்பு இழுக்குற சத்தம் கேக்குது எனக்கு. திரும்பி வந்துட்டேன். அடுத்த மாசம் போனேன், அதே "இல்லண்ணே." இப்படி எட்டுத் தரம். நல்லதுக்குக் காலமில்ல தம்பி. ஆறு கேசட்டு. ஒரு சாயா வாங்கித் தரச் சொன்னதில்ல அவன்கிட்ட.

பேச்சியம்மா என்ன சொல்றா தெரியுமா? "போயி, நான் மாத்திப் படிச்சுட்டேன், தெரிஞ்சும் மறைச்சுட்டேன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன், என்ன கொறைஞ்சு போச்சு?"ங்கிறா. அவளுக்கு என்ன தெரியும்? வாய் தவறுனது தவறுதான்னு ஒருதரம் ஒத்துக்கிட்டா நாளைக்கு எவன் என்கிட்ட வந்து பத்திரம் எழுதுவான்?

போன மாசம் போனப்பத்தான் செசிலிக்குப் பதிலா அவனே வாசலுக்கு வந்தான். வந்து நெலையைப் புடிச்சுக்கிட்டு நின்னான். திட்டப் போறான்னு நெனச்சேன். திட்டியிருந்தா நிம்மதியாப் போயிருக்கும். மெதுவாப் பேசுனான்.

"வாய் தவறுனதுக்கு நான் வருத்தப்படல ரைட்டரய்யா. யாருக்கும் தவறும். ஆனா அன்னிக்கு நான் பிஷப் ஈவா செவன்னு சொன்னதும் உங்க பேனா நின்னுருச்சு. மத்த மூவெல்லாம் நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கரகரன்னு எழுதிருவீக. அதுக்கு மட்டும் பேனா பேப்பரைத் தொடல. ரொம்ப நேரம் தொடல. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, எங்கயோ தப்புன்னு. அதான் படியில உக்காந்து கேட்டேன். நீங்க ஆமான்னீக."

நான் சட்டைப் பையில இருந்த பேனாவைத் தொட்டுப் பாத்தேன்.

"நீங்க ஆமான்னதும், பேனா நின்னதா எனக்குத் தோணுனதுதான் பொய்யின்னு முடிவு பண்ணிட்டேன். ரெண்டு வருசம் என் காதை நான் நம்பல ரைட்டரய்யா. ரோட்டைக் கடக்குறப்பக் கூட, வண்டிச் சத்தம் கேட்டது நெசந்தானான்னு நின்னு நின்னு போனேன். எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதானே?"

அப்பவாவது நான் ஏதாவது சொல்லியிருக்கணும், அது எனக்கும் தெரியுது. ஆனா வாயில வந்தது என்னன்னா, "அது பேனாவுல மை எறங்கலப்பா, ஒதறிக்கிட்டு இருந்தேன்"னுட்டேன். ஏன் சொன்னேன்னு சத்தியமாத் தெரியல. அவன் சிரிச்சான் தம்பி. சிரிச்சுட்டு, தடவிக் கதவைச் சாத்திக்கிட்டான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால தாங்க முடியல. சோறு எறங்க மாட்டேங்குது. பத்திரத்துல எல்லை எழுதுறப்ப பேனா தானா நின்னுருது. கிழக்கா மேற்கான்னு கட்சிக்காரனைத் திரும்பத் திரும்பக் கேக்குறேன். போன வாரம் ஒருத்தன், "ரைட்டரய்யாவுக்கு வயசாயிருச்சு"ன்னு என் காது படவே சொல்லிட்டுப் பக்கத்து மேசைக்குப் போயிட்டான்.

இன்னிக்கும் அவன் வீட்டுக்குத்தான் போறேன். திண்டுக்கல்லுல மரியநாதபுரம். பஸ் ஸ்டாண்டுல எறங்கி பத்து நிமிசம் நடை. உங்களைப் பாத்ததும் ஒரு யோசனை வந்துச்சு. கடவுளாப் பாத்து அனுப்புன மாதிரி இருக்கு. நீங்க போட்டி ஆடுற ஆளு, உங்க பேச்சுக்கு அவன் மரியாதை குடுப்பான். ஒரு எட்டு என்கூட வந்துட்டுப் போங்க. உள்ள கூட வர வேண்டாம், வாசல்ல நின்னாப் போதும். அந்தப் புஸ்தகத்தோட பழைய பதிப்புல பிஷப்புன்னுதான் தப்பா அச்சடிச்சிருந்தாங்க, நானே பாத்திருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் படிச்சது அந்தப் பழைய பதிப்பு, உனக்குக் குடுத்தது வேற ஒண்ணுன்னு நான் சொல்லிக்கிடுறேன். ஒருத்தனோட மனசு ஆறிப் போகும் தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவனுக்கு எங்க தெரியப் போகுது, நீங்க யாரு, எவருன்னு?

என்ன, போர்டை எடுத்துக்கிட்டு எந்திரிக்கிறீங்க? இது சின்னாளபட்டி தம்பி. நீங்க திண்டுக்கல்லுக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க?